படவேட்டுக்கு வழி

மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். ஐம்பத்தாறு பக்கம், ஆசிரியரின் சொந்த வெளியீடு, அட்டையில் ஒரு மலை. மதிப்புரையின் நடுவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: 'ஊர்ப் பெயர்களை அடுக்குவது அனுபவமாகிவிடாது, இத்தொகுப்பில் பாதி கவிதை அல்ல, பஸ் ரூட்.' வாக்கியம் நண்பர்களுக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேர் கடிதத்தில் அதையே எனக்குத் திருப்பி எழுதியிருந்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. இப்போது அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. சைக்கிள் பிரயாணம் அதற்கு ஒரு சாக்கு என்று சிலருக்குப் படலாம். பஸ்ஸில் போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரணிக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷமாகிறது. வந்த புதிதில் எனக்கு பாங்க்கில் நகைக்கடன் கவுண்டர். நகையை மதிப்பிட ஒருவர் இருப்பார். எடை, மாற்று, தொகை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஒரு நாள், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருந்த ஒருவர் ஒரு ஜோடிக் கம்மலும் ஒரு சங்கிலியும் கொண்டுவந்தார். பட்டு நெசவு என்பதை விரல்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். எதற்குக் கடன் என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்பது விதி. "புஸ்தகம் போடறதுக்கு சார்" என்றார். கடன் விண்ணப்பத்தில் அதற்கு இடமில்லை. 'சொந்தச் செலவு' என்று எழுதினேன். என்ன புஸ்தகம் என்று கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை நின்றிருந்தது.

சில மாதங்கள் கழித்து அந்தப் புஸ்தகம் மதிப்புரைக்காக என்னிடமே வந்தது. பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்ததனால்தான் கூடுதல் கறாராக எழுதினேன் என்று இப்போது நினைக்கிறேன். சலுகை காட்டிவிட்டதாக ஆகிவிடக் கூடாதே என்ற பயம். விமர்சகனின் நேர்மை என்று நாம் சொல்லிக்கொள்வதில் இந்தப் பயத்தின் பங்கு எவ்வளவு என்று எப்போதாவது கணக்குப் பார்க்க வேண்டும்.

அவர் வருஷா வருஷம் வந்து வட்டி கட்டிக் கடனைப் புதுப்பித்துக்கொண்டு போனார். மதிப்புரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. படித்தாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பத்திரிகைகளில் அவர் பெயர் மட்டும் பிறகு தென்படவில்லை. சென்ற மார்கழியில் அசலையும் கட்டி நகையை மீட்டார். பையில் போட்டுக்கொண்டு உடனே போகாமல் நின்றார். "படவேடு பாத்திருக்கீங்களா சார்?" இல்லை என்றேன். "ஒரு நாயித்துக்கெழம வாங்க. சைக்கிள்ல போய்ட்டு வந்துடலாம்."

ஆரணி என்றால் சரித்திரப் புஸ்தகத்தில் 1751இல் கிளைவ் ஜெயித்த ஒரு சண்டை. வெளியூர்க்காரர்களுக்கு அரிசியும் பட்டும். பட்டு என்பது ஊருக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழித்தறி இருந்தது, இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஆரணி முதலாளியிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு போய் நெய்து, சேலையாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவது முறை. அவர் சந்தவாசல் பக்கத்துக்காரர். சனிக்கிழமை சேலை கொடுக்க வந்தவர் உறவினர் வீட்டில் தங்கி, ஞாயிறு விடியுமுன் என் வாசலில் மணியடித்தார்.

அவருடையது பழைய அட்லஸ். அந்தக் கம்பெனியின் கடைசி ஆலை, சாஹிபாபாத்தில் இருந்தது, 2020 ஜூன் 3ஆம் தேதி மூடப்பட்டது. அன்று உலக சைக்கிள் தினம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஆலை மூடினா இன்னா சார், பால்ரஸ் கெடைக்குதில்ல." என்னுடையது வீட்டுக்காரர் பையனிடம் இரவல் வாங்கியது. கண்ணமங்கலம் போய், அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் தெற்கே சந்தவாசல், மேற்கே திரும்பிப் படவேடு, அதையும் தாண்டி மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை. போக வர எழுபது எண்பது கிலோமீட்டர் இருக்கும்.

முதல் ஒரு மணி நேரம் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் வந்ததும் ஜவ்வாது மலை இடமிருந்து வலம் முழுக்கக் கிடந்தது. எதிரில் மலை, அவ்வப்போது பக்கத்தில் நிரம்பிய ஏரி, கரையில் பனைகள். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். ஏரியும் மலையும் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால் வேர்ட்ஸ்வொர்த் வராமல் இருக்க மாட்டார். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தராத ஒன்றைப் பின்னால்தான் படித்தேன்: அவர் தன் ஏரி நாட்டுக்கு உல்லாசப் பயணிகளுக்கான ஒரு வழிகாட்டியே எழுதியிருக்கிறார். முதலில் 1810இல் ஒரு படத்தொகுப்புக்கு முன்னுரையாக வந்தது. 1835க்குள் ஐந்து பதிப்பு. அதே மனிதர் 1844இல், தன் எழுபத்து நாலாம் வயதில், கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் போடுவதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். ஆலைத் தொழிலாளிகளைக் கும்பலாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கு ஒன்றும் லாபமில்லை, இயற்கை ரஸனை அப்படி வந்துவிடாது என்பது அவர் வாதம். ஒரு நெசவாளியின் பின்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டு இதை யோசிப்பது அத்தனை சௌகரியமாக இல்லை.

கண்ணமங்கலம் பக்கத்தில் நாகநதி. மணல்தான். அதைச் சுட்டி அவர், மேலே பொம்பளைங்க கிணறு இறக்கின கதை தெரியுமா என்று கேட்டார். தெரியும். 2014இல் தொடங்கி வேலூர் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் இந்த நதிப் படுகையில் ஆயிரக்கணக்கில் உறைக் கிணறுகளை இறக்கி, மழைத் தண்ணீரைப் பூமிக்குள் திருப்பினார்கள். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. வேலை நடந்ததெல்லாம் மணலுக்கு அடியில்.

கண்ணமங்கலம் தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார். பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. மிதித்துக்கொண்டே கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டுவார், ஒரு வாக்கியம் சொல்வார். "அங்க ஒரு புளியமரம் இருந்துது. மழைக்கு ஒதுங்க அது ஒண்ணுதான்." சிறிது தூரம் போய், "இந்த எறக்கத்துல செயின் கழலும். கேரியர்ல சேலை இருந்தா இங்க எறங்கித் தள்ளணும்." இன்னொரு இடத்தில், "இந்த ஏரி கோடி போனா ரோட்டு மேல மொழங்காலு தண்ணி. சேலைய எடுத்துத் தலையில வெச்சிக்கணும்." அவருக்குப் பன்னிரண்டு வயதில் தொடங்கியது இது. அப்பா நெய்வார், பையன் கொண்டுபோய்க் கொடுப்பான். மாதத்துக்கு இரண்டு நடை. பட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறை பட்டாலும் கூலியில் பிடிப்பார்கள். பிடித்த கூலி அந்த வாரத்துச் சாப்பாடு.

நாலாவது இடத்திலோ ஐந்தாவது இடத்திலோ எனக்கு உறைத்தது. நான் பஸ் ரூட் என்று எழுதிய கவிதை இது. அதே பெயர்கள், அதே வரிசை. கவிதையில் புளியமரம் இருந்தது; ஒதுங்கியதைப் பற்றி ஒன்றுமில்லை. ஏரி இருந்தது, சேலை இல்லை. ஆரணி என்ற பெயரில் முடிந்துவிடும். சரிவு, மரம், மதகு, திருப்பம் என்று பொருள்களை மட்டும் வைத்துவிட்டு, சுமையை எடுத்துவிட்டிருந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

சந்தவாசலில் டீ குடித்துவிட்டு மேற்கே திரும்பினோம். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் சாலை. படவேடு இன்று ஒரு கிராமம். படைவீடு என்ற பழைய பெயரில் சம்புவராயர்களின் தலைநகரம். பதினாலாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரைக்குப் போகிற வழியில் முதலில் இவர்களைத்தான் அடக்கினான். ராஜகம்பீரன் மலைக்கோட்டையை வளைத்துச் சம்புவராயனை வென்றதை அவன் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற சமஸ்கிருத காவியத்தில் எழுதியிருக்கிறாள். ஜெயித்தவனின் மனைவி கண்ட மலை அது. கோட்டையும் நகரமும் போய், கோயில்கள்தான் மிச்சம். அவற்றிலும் அம்மையப்பேசுவரர் கோயில் மண் மூடிக் கிடந்து பின்னால் தோண்டி எடுத்துப் புதுப்பித்தது.

ஆடி வெள்ளிக்குக் கூட்டம் சாடும் ரேணுகாம்பாள் கோயிலில் அன்று பத்துப் பேர்கூட இல்லை. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜமதக்னியின் மனைவி ரேணுகை தினமும் ஆற்று மண்ணில் பச்சைக் குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருவாள். ஒரு நாள் தண்ணீரில், வானத்தில் போன கந்தர்வனின் நிழலைப் பார்த்தாள். அழகு என்று ஒரு கணம் நினைத்தாள். குடம் உடைந்தது. புருஷன் சொல்ல, பிள்ளை பரசுராமனே தலையை வெட்டினான். இதைக் கற்பின் கதையாகத்தான் இதுவரை படித்திருந்தேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றபோது வேறு மாதிரிப் பட்டது. தண்ணீர் எடுக்க வந்தவள் தண்ணீரில் காட்சி பார்த்ததற்குக் கிடைத்த தண்டனை அது. கையில் குடம் இல்லாத ஒருவன் எத்தனை நேரம் வேண்டுமானாலும் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

யோக ராமர் கோயிலுக்கு அவர்தான் வற்புறுத்தி அழைத்துப்போனார். ராமன் வில் இல்லாமல் சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறான். எதிரில் அனுமன் சுவடி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறான். "இவரப் பாக்கத்தான் சார் நான் வருவேன்" என்றார். ராமனையா என்று கேட்டேன். "இல்ல, படிக்கிறவரை." வேறு அர்த்தம் வைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. நான்தான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன்.

செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில் ஏற்றம் வந்ததும் இறங்கித் தள்ளினோம். கமண்டல நதியின் குறுக்கே கட்டிய அணை, உயரம் 62.32 அடி, கொள்ளளவு 287.20 மில்லியன் கன அடி. ஷட்டர்கள் பழுதாகிப் பல வருஷம் முழு அளவுக்குத் தேக்க முடியாமலே இருந்து, பிறகு சரி செய்தார்கள். அணைக்கரையில் மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர், தண்ணீருக்குள் இன்னொரு தடவை மலை. கியர் சைக்கிள்களில் வந்திருந்த ஐந்தாறு இளைஞர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செம வ்யூ என்றான் ஒருவன். நியாயமான வார்த்தைதான். எனக்கும் அதைவிட நல்ல வார்த்தை தோன்றவில்லை. அவர்களைப் பரிகசித்து ஒரு பத்தி எழுதிவிடுவது சுலபம். ஆனால் அவர்களும் கால் வலிக்க மிதித்துத்தான் வந்திருந்தார்கள். திரும்புகிற வழியில் குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் கேட்க, என் நண்பர் விஸ்தாரமாகச் சொன்னார். எந்தக் கோயில் குழாய், எந்த வளைவில் நாய் துரத்தும், எங்கே ஜல்லி கொட்டியிருக்கிறது. அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். தொகுப்புக்குக் கிடைக்காத வாசகர்கள்.

திரும்பும்போது என் பின் சக்கரம் பங்க்சர். சாலையோரத்து ஏரிக்கரையில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பையிலிருந்து சொல்யூஷன், உப்புத்தாள், பழைய ட்யூபில் வெட்டிய துண்டு எல்லாம் எடுத்தார். டயரை நெம்பி ட்யூபை உருவிக் காற்றடித்து, முட்டியளவு தண்ணீரில் இறங்கி அமுக்கினார். என்னையும் பிடிக்கச் சொன்னார். சாயங்கால வெயில். ஏரி அசையாமல் இருந்தது, மலை முழுசாக அதில் விழுந்திருந்தது. ட்யூபைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெழல பாக்காதீங்க சார். குமிழி எங்க வருதுன்னு பாருங்க."

குமிழி என் கை விரலுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். அதில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இந்த வட்டாரத்துப் பாட்டு. 583 அடி. செங்கண்மாத்து நன்னனின் நவிர மலை, போளூருக்கு அந்தப் பக்கமுள்ள பர்வத மலைதான் என்பார்கள். சேயாறு இன்றும் ஓடுகிறது. கல்லூரி நாளில் இதை வருணனைக் களஞ்சியம் என்று படித்து, வருணனை என்பதாலேயே ஒதுக்கியும் வைத்திருந்தேன். அன்று இரவு ஆரணிக்கு வந்து, கால் வீங்கிப்போய்த் தூக்கம் வராமல் மறுபடி எடுத்துப் படித்தேன். அது வருணனை அல்ல. பசியோடு, வாத்தியங்களைச் சுமந்துகொண்டு, பெண்டு பிள்ளைகளோடு அந்த மலையைக் கடக்கவேண்டிய கூத்தர்களுக்கு, கடந்து வந்த ஒருவன் வழி சொல்கிறான். இங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள். இங்கே பாசி வழுக்கும். இங்கே தினைக்காவலர் கவண் கல் வரும். இந்தக் குடியில் சோறு கிடைக்கும். அழகு அதில் நிறைய இருக்கிறது. ஆனால் எச்சரிக்கைக்கும் சோற்றுக்கும் நடுவில் இருக்கிறது. பாட்டில் ஒரு இடத்தில், புதிதாக வருகிற நீங்கள் வழி தவறிவிட்டால், திரும்பி வந்து, அந்தக் கிளைவழியில் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்கிறான். பின்னால் வருகிறவர்கள் தவறாமல் இருக்க. கிளைவழிக்குப் பழைய தமிழில் கவலை என்று பெயர்.

என் நண்பரின் கவிதைகள் எல்லாம் ஆற்றுப்படை என்று இப்போது கட்சி மாற நான் தயாராக இல்லை. தொகுப்பை மறுபடி படித்தேன். காதல் கவிதைகள் மோசம்தான். கடைசிப் பகுதியில் உபதேசம் தாங்க முடியவில்லை. ஊர்ப் பெயர்க் கவிதைகள் ஏழு. அவற்றிலும் இரண்டு வெறும் பட்டியல்தான் என்று இன்றும் சொல்வேன். சுமையை முழுக்க எடுத்துவிட்டால், அந்தச் சாலையில் போகாத வாசகனுக்குப் புளியமரம் புளியமரமாகவே நின்றுவிடுகிறது. இது கவிதையின் குறையா வாசகனின் குறையா என்பது என்னால் தீர்க்க முடிகிற வழக்கல்ல. ஆனால் மீதி ஐந்தும் எனக்கு இப்போது நகர்கின்றன. நான் அன்று அவற்றை, எங்கேயும் போகவேண்டிய அவசியமில்லாத ஒருவனாக, நாற்காலியில் உட்கார்ந்து காட்சியாகப் பார்த்திருக்கிறேன். காட்சி போதவில்லை என்று மார்க்கைக் குறைத்திருக்கிறேன்.

சந்தவாசலில் பிரிகிறபோது ஒருவழியாகக் கேட்டேன். "அண்ணா, நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். நாலஞ்சு தடவ."

அப்புறம் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். பெடலில் ஒரு காலை வைத்தபடி யோசித்தார். நீங்கள் எழுதியதால் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. என்னால்தான் என்றும் சொல்லவில்லை. "தறியில ஒக்காந்தா ஊடை அறுந்தா தெரியும் சார். முடிச்சு போட்டுட்டு நெய்யலாம். இதுல எங்க அறுந்துதுன்னு தெரியல. தேடிக்கினு இருக்கேன்." நகையை மீட்டாயிற்று, அதுவே இப்போதைக்குப் பெரிசு என்றும் சொன்னார். பிறகு எனக்கு வழி சொன்னார். இருட்டிவிடும், லாரி வரும், கண்ணமங்கலம் வரை ஓரமாகவே போகவேண்டும். அந்த இறக்கத்தில் இறங்கித் தள்ளவேண்டும்.

இறக்கம் வந்தபோது கேரியரில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இறங்கித் தள்ளினேன்.

மதிப்புரையில் எழுதிய அந்த வாக்கியத்தை இனி அழிக்க முடியாது. இதழ் அச்சாகி முப்பது நாற்பது பேர் அலமாரியில் இருக்கிறது. யாராவது அந்தத் தொகுப்பைத் தேடி எடுக்க நேர்ந்தால், என் மதிப்புரையின் வழியாகப் போகவேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். அந்த இடத்தில் இது ஒரு புல் முடிச்சாகக் கிடந்தால் போதும்.